ஒரு பருக்கைச் சோறு

சந்திரவதியின் வாயில் ஒரு சேதி முழுசாக ஒரு மணி நேரம் தங்கியது என்று சொன்னால் திண்டிவனத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்குத் தங்கியது. அதுவும் ஓடுகிற காரில் தொடங்கி, பக்கத்திலேயே காது கொடுக்க மூன்று பேர் இருக்கும்போது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம். மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கிற சமண நைனார் வீட்டில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் ஜீவகன். அவர் சம்சாரம்தான் சந்திரவதி, பிள்ளை இல்லை. இளையவன் ரிஷப். அவன் சம்சாரம் ப்ரியதர்ஷினி, செஞ்சிப் பக்கத்துப் பெண். அவர்களுக்கு ஒரே மகள் சன்மதி, ஆறு வயது. "தம்பி பொண்டாட்டி தனிக்குடித்தனம் போக வீடு பாத்துக்கினு இருக்கா" என்று சந்திரவதி எதிர்வீட்டில் ஊதியது, தெருவைச் சுற்றிக்கொண்டு மண்டிக்கே வந்து சேர்ந்தது. ப்ரியா வீடு பார்த்தது அவள் தங்கைக்கு. அதை விசாரிக்க யாருக்கு நேரம்? அண்ணனும் தம்பியும் மண்டிக்குள் நின்று ஒருவர் தொண்டையை மற்றவர் தோற்கடித்துக்கொண்டிருந்தபோது, சன்மதி மல்லாட்டை மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏறிவிட்டாள். மேல் மூட்டை சரிந்தது. குழந்தை இடது கையை ஊன்றிக்கொண்டு தரையில் விழுந்தாள்.

அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருக்கலாம். ஆனால் ஜீவகனுக்கு எலும்பென்றால் கட்டு, கட்டென்றால் ஊரில் நாட்டு வைத்தியம் பார்க்கிற கட்டுக்காரர். அந்த மனிதர் முட்டை வெள்ளைக்கருவை உளுந்து மாவில் குழைத்துப் பத்துப் போடுகிறவர். முட்டை நைனார் வீட்டுப் பிள்ளை உடம்பில் படுவதா? "முட்டை வேணாங்க. வெறும் உளுந்து போட்டு, அதுக்குப் பதிலா நல்லா இறுக்கிக் கட்டிடுங்க" என்றார் ஜீவகன். கட்டுக்காரரும் வஞ்சகமில்லாமல் மூங்கில் பத்தை வைத்து இறுக்கினார்.

விடிவதற்குள் குழந்தையின் விரல்கள் வெள்ளைப் பூண்டு போல உப்பிவிட்டன.

இப்போது கார் விழுப்புரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ரிஷப் ஓட்டினான். ஜீவகன் முன்சீட்டில். பின்னால் ப்ரியாவின் மடியில் குழந்தையின் கால்; சந்திரவதியின் மடியில் தலை. சந்திரவதியை யாரும் கூப்பிடவில்லை. ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏறும்போதே ஜீவகன் திரும்பாமல் சொன்னார்: "வர்றதுன்னா வா. ப்ரியாவைப் பத்தி இன்னொரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வந்துச்சு, அப்படியே உங்க அண்ணன் ஊட்டுக்குப் போயிடு."

"நான் இன்னா பேசப் போறேன்" என்றாள் சந்திரவதி. நிஜமாகவே அந்த நேரத்தில் பேச ஒன்றும் இல்லை.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நின்றபோதுதான் அதைப் பார்த்தாள். கையைத் தாங்கியிருந்த வேட்டித் துணியின் மடிப்பில் ஒரு பருக்கைச் சோறு.

மற்றவர்களாக இருந்தால் தட்டிவிட்டிருப்பார்கள். சந்திரவதி எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்கிப் பார்த்தாள். நசுங்கியது. மோந்து பார்த்தாள். தயிர்.

நேற்றுச் சாயங்காலச் சோறென்றால் இந்நேரத்துக்குக் காய்ந்து அரிசியாகியிருக்கும். இது இன்றைய சோறு. அவர்கள் காரில் ஏறியபோது கிழக்கே வெளுக்கக்கூட இல்லை.

இதில் இருக்கிற ருசி புரிய வேண்டுமென்றால் ப்ரியாவைப் பற்றித் தெரிய வேண்டும். நைனார் வீடுகளில் பொழுது சாய்ந்தால் மறுநாள் சூரியனைப் பார்க்கும்வரை சாப்பாடு இல்லை என்பது பழக்கம். மண்டியில் சரக்கு வந்து இறங்குகிற நாட்களில் ஆண்பிள்ளைகள் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பார்கள். கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். ப்ரியா விடமாட்டாள். பிறந்த நாள் முதல் இருட்டில் ஒரு வாய் சாப்பிடாத பிள்ளை என்று போன மகாவீர் ஜெயந்திக்குச் சன்மதியைக் கோயில் மேடையில் ஏற்றிச் சால்வை போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம், விளக்கு வைத்த பிறகு குழந்தைக்கு ஒரு கை வறுத்த மல்லாட்டை கொடுத்தாள் என்பதற்காகச் சந்திரவதியை நடுவாசலில் நிற்கவைத்து ப்ரியா கேட்ட கேள்வி இருக்கிறதே, அதில்தான் ஒரு சமையற்கட்டு இரண்டானது.

அந்த ப்ரியா! இருட்டில்! தயிர்ச்சோறு!

சந்திரவதி ஜன்னல் பக்கம் திரும்பி, முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்தாள். எதிர்வீடா, கோயில் மாமியா? யோசித்துக்கொண்டே குழந்தையைக் குனிந்து பார்த்தாள். விடிய விடிய அழுத பிள்ளை இப்போது அழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. உப்பின விரல்களைத் தொட்டாள். பிரிட்ஜில் வைத்த வெண்டைக்காய் போலச் சில்லென்றிருந்தன. வாயில் ஊறிய ருசி அப்படியே நின்றுவிட்டது.

"ஜல்தியா ஓட்டு ரிஷப்" என்றாள்.

*

விழுப்புரத்தில் அவர்கள் போய்ச் சேர்ந்த எலும்பு ஆஸ்பத்திரியின் டாக்டர் தென்னரசு அதிகம் பேசுகிறவர் இல்லை. கத்தரிக்கோலை வாங்கிக் கட்டை அறுத்தார். மூங்கில் பத்தைகள் தரையில் விழுந்தன. முழங்கை, முழங்கையாகவே இல்லை. குழந்தையின் மணிக்கட்டில் விரல் வைத்தார். இடம் மாற்றி வைத்தார். மறுபடியும் மாற்றி வைத்தார். ஜீவகன் என்னவோ சொல்ல வாயெடுத்ததும் இன்னொரு கையால் நிறுத்தினார்.

"யாரு கட்டுனது?"

ஜீவகன் தரையில் கிடந்த பத்தையைப் பார்த்தார்.

"முழங்கைக்கு மேல எலும்பு முறிஞ்சு பின்பக்கமா நகர்ந்திருக்கு. பசங்க கைய ஊன்றி விழுந்தா அங்கதான் முறியும், அந்த இடத்துல எலும்பு மெல்லிசு. முறிஞ்ச முனை ரத்தக்குழாய இழுத்துப் பிடிச்சுக்கினு இருக்கு. நாடி சரியா கெடைக்கல. மயக்கம் கொடுத்து எலும்பை இழுத்து நேரா வச்சு, தோலுக்கு மேலேர்ந்தே ரெண்டு கம்பி ஏத்தணும். ஏத்தினாதான் நிக்கும்."

"கம்பியா?" என்றான் ரிஷப். "ஆறு வயசுங்க டாக்டர்."

"மெல்லிசுக் கம்பிதான். கத்தியே வைக்கறதில்ல. ஸ்கிரீன்ல பாத்துக்கினே ஏத்துவோம். முனை வெளிய இருக்கும், மேல மாவுக்கட்டு. எலும்பு கூடினதும் உருவிடலாம், அதுக்கு மயக்கம் கூட வேணாம். இப்ப கம்பி இல்ல பிரச்சன. நேரம். ரத்தம் ஓடாம விட்டா கை சூம்பிப் போயிடும்."

தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நர்ஸ் ஒருத்தி வந்து பெயர், வயசு, எடை கேட்டாள். பிறகு, "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?" என்றாள்.

ப்ரியாவின் வாய் திறந்தது. அவளுக்கு முன்னால் ரிஷப் திறந்துவிட்டான்.

"நேத்து பொழுது சாயறதுக்கு முன்னாடிங்க. நாங்க ஜைனருங்க. எங்க பாப்பா இருட்டினா பச்சத் தண்ணி கூடக் குடிக்க மாட்டா. கோயில்லயே சால்வ போட்டாங்க."

"அப்படியா! எல்லாப் புள்ளைங்களும் இப்படி இருந்தா எங்களுக்குப் பேஜாரே இல்ல" என்று நர்ஸ் குழந்தையின் கன்னத்தைத் தொட்டாள். ஜீவகன் அந்தக் காலையில் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ப்ரியா திறந்த வாயை மூடிக்கொண்டு குழந்தையின் முடியை ஒதுக்கினாள். ஒதுங்கியிருந்த முடியை மறுபடியும் ஒதுக்கினாள்.

சந்திரவதி எல்லாவற்றையும் பார்த்தாள். அப்போதும் அவளுக்கு அது வெறும் ஊர்ச் சேதிதான்.

*

புதிய இடத்துக்குப் போனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் பூர்வீகம் தெரியாமல் சந்திரவதிக்கு இருப்புக்கொள்ளாது. பக்கத்து நாற்காலியில் வானூரிலிருந்து வந்த வீரம்மாள் என்ற கட்டட வேலைக்காரப் பெண். காலில் மாவுக்கட்டோடு அவள் மகன் பெஞ்சில் சுருண்டு கிடந்தான்.

"புள்ளைக்கு இன்னிக்கா ஆபரேஷன்?" என்று தொடங்கினாள் சந்திரவதி.

"இன்னிக்குக் காலைலதான் இருந்துச்சு. கேன்சல்" என்றாள் வீரம்மாள். "காலைல அழுவுறானேன்னு ஒரே ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்துட்டாரு எங்க ஊட்டுக்காரரு. மயக்க டாக்டரம்மா அந்தக் கத்து கத்துது. சாயங்காலம்தானாம்."

"ஒரு டீக்கா?"

"நானும் அதான் கேட்டேன். மயக்கத்துல இருக்கும்போது வயித்துல இருக்கறது மேல வந்து நெஞ்சுக்குள்ள பூந்துக்குமாம். மூச்சுக்கொழா அடைச்சிக்குமாம். 'காலுக்கு ஒண்ணும் ஆவாதும்மா, ஆளே போயிடுவான்'னு சொல்லுது."

சந்திரவதி தன் விரலைப் பார்த்தாள். நசுங்கிய பருக்கை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

தண்ணீர்க் குழாய் இருந்த மூலையில் ப்ரியாவைப் பிடித்தாள்.

"ப்ரியா, காலைல பாப்பாவுக்கு என்னா குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கலியே."

"தூக்குத் துணில தயிர்ச்சோறு இருந்துச்சுடி. நசுங்குச்சு. நான் பாத்தேன்."

ப்ரியாவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "நேத்து சாயங்காலம் தின்னதா இருக்கும்."

"நேத்துச் சோறு நசுங்குமா? என்கிட்டயா சொல்ற? சரி, குடுத்த. பெத்தவ, அழுதா தாங்க முடியாது. தப்பே இல்ல. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிடு. உயிருக்கே ஆவாதாம்."

"அக்கா," ப்ரியாவின் குரல் மிகவும் தணிந்திருந்தது, "இங்க வந்தும் ஆரம்பிச்சிட்டீங்களா? உங்களாலதான் எம் பொண்ணு இந்தக் கதில கெடக்கறா."

"ப்ரியா!" என்று ரிஷப் கூப்பிட்டான். போகும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடுவாள் என்றுதான் அந்தப் பார்வையை வைத்துச் சந்திரவதி நினைத்தாள்.

மயக்க டாக்டர் கலைப்பிரியா வந்திருந்தாள். சின்ன வயசு, கூர்மையான மூக்கு. குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தாள். "வயிறு காலிதானே? தண்ணி, பால், எதுவும் இல்லையே?" என்று மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

"எதுவும் இல்லீங்க. எங்க வீட்ல அதெல்லாம் கிடையாது" என்றார் இந்தத் தடவை ஜீவகன்.

டாக்டர் தாயைப் பார்த்தாள். ப்ரியா ரிஷப்பைப் பார்த்தாள், ஜீவகனைப் பார்த்தாள். தலை அசைந்தது. எந்தப் பக்கம் அசைந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அசைந்ததே போதுமாக இருந்தது.

சந்திரவதி ஜீவகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, ஒரு நிமிஷம். பாப்பா சாப்பிட்டிருக்கா. ப்ரியா விடியறதுக்கு முன்னாடி..."

"வாய மூடு." பல்லுக்கு நடுவில் வந்த சொல். "காலைல கார்ல இன்னா சொன்னேன்? அந்தப் பொண்ணு இருட்டுல சோறு போடுவாளா? உங்கிட்ட மல்லாட்டை ஒண்ணுக்கு அந்தச் சண்ட போட்டவ! உனக்கு அவளைக் கவுக்கணும். அதுக்கு இந்த நேரந்தான் கெடைச்சுதா?"

"பொய் இல்லீங்க. சத்தியமா..."

"தனிக்குடித்தனத்துக்கும் சத்தியம்தான் பண்ண."

பண்ணியிருந்தாள். கோயில் பக்கம் கையைக் காட்டியே பண்ணியிருந்தாள்.

சக்கரக் கட்டில் வந்தது. அதில் சன்மதியைத் தூக்கிப் போட்டபோது அவள் இத்தனூண்டு தெரிந்தாள். பச்சைத் துணி போர்த்தினார்கள். கட்டில் நகர்ந்தது. சக்கரம் ஒன்று கிறீச்சிட்டது. தியேட்டர் கதவின் ஒரு பாதியை உள்ளிருந்து யாரோ திறந்து பிடித்துக்கொண்டார்கள். உள்ளே குளிர்ந்த வெளிச்சம்.

ப்ரியா கூடவே நடந்தாள். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. அது பிரார்த்தனையா, சொல்ல வந்ததா? சத்தம் வரவில்லை. கதவு வந்துவிட்டது.

உண்மையைச் சொன்னால் எடுபடாது என்பது சந்திரவதிக்கு விளங்கிவிட்டது. அப்படியென்றால் எடுபடுகிற ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

"டாக்டரம்மா, நில்லுங்க!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். "நான் சோறு போட்டேன். தயிர்ச்சோறு. விடியறதுக்கு முன்னாடி, இவங்க யாருக்கும் தெரியாம. நான்தான் ஊட்டினேன்!"

கட்டில் நின்றது.

ஒருவரும் "நீயா?" என்று கேட்கவில்லை. ஒருவரும் சாட்சி கேட்கவில்லை. சந்திரவதி பிறந்ததிலிருந்து சொன்ன எதையும் அவள் வீட்டார் இத்தனை சீக்கிரம் நம்பியதில்லை.

"அண்ணி!" என்றான் ரிஷப். அழுகிற குரல். "நீங்க மனுஷியா? மறுபடியுமா?"

"எவ்ளோ சாப்பிட்டா?" கலைப்பிரியா அவர்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "சீக்கிரம் சொல்லுங்கம்மா."

அது சந்திரவதிக்குத் தெரியாது. அவள் ப்ரியாவைப் பார்த்தாள். ப்ரியா சுவரோடு ஒட்டி நின்றாள். கை மட்டும் மெதுவாக மேலே வந்து, சின்னக் கிண்ணம் போலக் குவிந்தது.

"ஒரு கிண்ணம்" என்றாள் சந்திரவதி. "ரொம்பிய கிண்ணம்."

கலைப்பிரியா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். தென்னரசு வந்தார். இருவரும் தணிந்த குரலில் பேசினார்கள். தள்ளிப்போடலாமா என்றாள் அவள். அவர் மறுபடியும் குழந்தையின் மணிக்கட்டில் விரல் வைத்தார், தலையை ஆட்டினார். "கை காத்திருக்காது."

"அப்போ வயிறு ரொம்பினவங்களுக்குக் கொடுக்கற முறைலதான் மயக்கம் கொடுக்கணும்" என்றாள் கலைப்பிரியா. அதில் இருக்கிற ஆபத்தைச் சொன்னாள். அண்ணனும் தம்பியும் தலையாட்டினார்கள். எதற்கு என்று தெரிந்து ஆட்டினார்களா என்பது சந்தேகம். கதவு மூடியது.

*

காத்திருந்த நேரம் முழுக்க நைனார் வீட்டார் மூவரும் ஒரு வரிசையில் உட்கார்ந்தார்கள். சந்திரவதி எதிர்வரிசையில். வீரம்மாள் கூட ஒரு நாற்காலி தள்ளிப் போய்விட்டாள். யாருக்கும் தெரியாமல் பிள்ளைக்குச் சோறு போட்டவளிடம் அவளுக்கு என்ன பேச்சு?

கதவு திறந்தபோது முதலில் வந்தது கலைப்பிரியா. முகக்கவசத்தை இறக்கினாள்.

"டியூப் போட்டு வயித்துல இருந்ததை எடுத்தோம். சோறு அப்படியே இருந்துச்சு. அடிபட்ட புள்ளைங்களுக்கு சீக்கிரம் ஜீரணம் ஆகாது." சந்திரவதியைப் பார்த்தாள். "சாப்பாடு போட்டதுக்கு உங்களைத் திட்டணும். கடைசி நிமிஷத்துலயாவது சொன்னீங்களே. சொல்லாம விட்டிருந்தா நான் இப்ப வேற மாதிரி வந்து நின்னிருப்பேன்."

ப்ரியா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே தென்னரசு. "எலும்பு நின்னுடுச்சு. நாடியும் வந்துடுச்சு. வெளிப்பக்கத்துலேர்ந்து ரெண்டு கம்பில முடிக்கப் பாத்தேன், நிக்கல. உள்பக்கத்துலேர்ந்தும் ஒண்ணு ஏத்த வேண்டியதாப் போச்சு. அந்தப் பக்கம் சுண்டு விரலுக்குப் போற நரம்பு ஓடுது. வீக்கத்துல அது எங்க இருக்குன்னே தெரியல. பாத்துத்தான் பண்ணியிருக்கேன். இருந்தாலும் பாப்பா முழிச்சதும் சுண்டு விரலை ஆட்டச் சொல்லணும். ஆட்டினா சரி."

"ஆட்டலன்னா?" என்றான் ரிஷப்.

"முழிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

ஜீவகன் எழுந்து எதிர்வரிசைக்கு வந்தார். சந்திரவதி அவர் செருப்பைப் பார்த்தாள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான் இருக்கு" என்றார். "திண்டிவனத்துல எறங்கி உன் துணிமணிய எடுத்துக்க. நாங்க வர்றப்ப நீ அங்க இருக்கக் கூடாது."

சந்திரவதி ப்ரியாவைப் பார்த்தாள். பார்த்தது ஒரு நொடிதான். ப்ரியா தரையைப் பார்த்தாள்.

*

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் கிடைத்தது. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த ஊரும்மா?" என்றாள். இன்னொரு நாளாயிருந்தால் அந்த அம்மாளின் மருமகள் பிறந்த ஊர் வரைக்கும் விக்கிரவாண்டி வருவதற்குள் தெரிந்திருக்கும். சந்திரவதி ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஊருக்கே சொல்லத்தக்க ஒரு சேதி கையில் இருந்தது. சொன்னால் வீட்டுக்குள் திரும்பிவிடலாம். யார் நம்புவார்கள் என்பது வேறு. நம்பினாலும், மேடையில் சால்வை போட்ட அத்தனை பேரும் ப்ரியாவைப் பார்க்கும் பார்வையை நினைத்தாள். காலையில் காரில் அதை நினைக்கவே இனித்தது.

வண்டி விழுப்புரத்தைத் தாண்டியபோது போன் அடித்தது. ப்ரியா. கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அந்தப் பெயர் அவள் போனில் ஒளிர்ந்ததே இல்லை.

"அக்கா." பாத்ரூமிலிருந்து பேசுகிற மாதிரி எதிரொலித்தது குரல். "பாப்பா முழிச்சிட்டா."

"விரல ஆட்டுறாளா?"

"நாலு விரல் ஆட்டுறா."

சந்திரவதி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சுண்டு விரல் ஆடல அக்கா. தொட்டா தெரியலங்கறா. டாக்டர் சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு சொல்றாரு." மூச்சு வாங்கியது. "அக்கா, காலைல நான் அவகிட்ட, 'பொழுது விடியறதுக்கு முன்னாடி அம்மா சோறு குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத'ன்னு சொல்லி வச்சேன்."

"சரி விடு. சொல்ல மாட்டா."

"சொல்ல மாட்டா அக்கா. ஆனா பொய்யும் சொல்ல மாட்டா. நானே அப்படித்தான வளத்துட்டேன். இப்ப அவரு கட்டில் மேல உக்காந்துகினு, 'பெரிம்மா உனக்கு எத்தன வாய் ஊட்டினாங்க, சொல்லு கண்ணு, நான் அவங்களை விடமாட்டேன்'னு கேட்டுக்கினு இருக்காரு. உங்க ஊட்டுக்காரரும் பக்கத்துலதான் நிக்கறாரு."

"பாப்பா என்னா சொன்னா?"

போனுக்குள் எங்கேயோ ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ரிஷப்பின் குரல் கேட்டது. கூப்பிடுகிற குரல் அல்ல. ஒரு பெயரை முதல் தடவையாகச் சொல்லிப் பார்ப்பதுபோல மெதுவாக:

"ப்ரியா?"